மலையில் பார்த்த வாட்டம்

முதல் நாள் – குன்னூர்

நேற்று இரவு சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸில் பெட்டிகளை அடுக்கிவிட்டு உட்கார்ந்ததும் மகள் கேட்டாள்: "மலை எந்த ஸ்டேஷன்ல ஆரம்பிக்கும்மா?" அவளுக்குப் பதினொரு வயது. ஆதம்பாக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். மலை என்றால் அவளுக்கு மொட்டை மாடியிலிருந்து தெரியும் பரங்கிமலைதான். அதன் உயரம் ஏறக்குறைய 300 அடி. "நாளைக்குக் காலையில நீயே பார்ப்ப" என்றேன்.

பார்த்தாள். மேட்டுப்பாளையத்தில் இறங்கியபோது விடிந்தும் விடியாமலும் இருந்தது. பிளாட்பாரத்துக்கு வடக்கே மேகம் என்று நாங்கள் நினைத்தது மேகமில்லை, மலை. மகள் கழுத்தை அண்ணாந்துகொண்டே நின்றாள்.

அரையாண்டுப் பரீட்சை விடுமுறை. பல்லாவரத்தில் ஒரு பள்ளியில் நான் புவியியல் நடத்துகிறேன். மலை ரயில் டிக்கெட்டுக்குப் பல வாரம் முன்பே உட்கார்ந்து முன்பதிவு செய்திருந்தேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை, அதனால் நானும் மகளும் மட்டும். உடன் வேலை பார்க்கும் டீச்சருக்குச் சொந்த ஊர் கோத்தகிரிப் பக்கம். கடைசி இரண்டு நாள் அவருடைய அம்மா வீட்டில் தங்கல்.

மேட்டுப்பாளையம் தாண்டியதும் ரயில் பவானி ஆற்றைக் கடக்கிறது. அப்புறம் பாக்குத் தோப்புகள், கல்லார். கல்லாரிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பல் வைத்த இன்னொரு தண்டவாளம் ஓடுகிறது. நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, அதன் பல்சக்கரம் அந்தப் பல்லைப் பற்றிப் பற்றி ஏறுகிறது. பன்னிரண்டடி போனால் ஓரடி ஏற்றம். குன்னூர் வரையிலான பாதை 1899-இல் திறக்கப்பட்டது, உதகை வரை 1908-இல். மொத்தம் 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை, 250 பாலம். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒருவர் பிரேக் பிடிக்க நின்றுகொண்டே வருகிறார். மகள் அவரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டாள். அவரும் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.

இந்த 46 கிலோமீட்டர் எனக்குள் வேறொரு கணக்கைக் கிளப்பிவிட்டது. எங்கள் அடையாறு ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளில் தொடங்கிப் பட்டினப்பாக்கத்தில் கடலைத் தொடும்வரை ஓடும் நீளம் சுமார் 42 கிலோமீட்டர். இந்த ரயில் பாதையும் ஏறக்குறைய அதே நீளம்தான். ரயில் அந்த நீளத்தில் 1,800 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறது. அடையாறு இறங்குவதோ சில பத்து மீட்டர். தண்ணீர் ஓடுவதற்கு அவ்வளவுதான் சரிவு கிடைக்கிறது.

கட்டட வேலையில் இந்தச் சரிவுக்கு வாட்டம் என்று பெயர். என் அப்பா மேஸ்திரி. ஆதம்பாக்கம், நங்கநல்லூர்ப் பக்கம் அவர் கை படாத பழைய வீடு குறைவு. மாடித் தளம் போட்டு முடித்ததும் ரசமட்டத்தைப் பையில் போட்டுவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றுவார். அது ஓடிப் போய்க் குழாய் வாயில் விழும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார். நடுவில் எங்காவது தேங்கினால் அந்த இடத்தைக் கொத்திவிட்டு மறுபடி பூசச் சொல்வார். "கண்ணுக்குத் தட்டையாத்தான் இருக்கும். தண்ணிக்குத்தான் தெரியும்" என்பார். புவியியலில் நான் படித்த முதல் பாடம் அதுதான் என்று இன்று ஹில்குரோவ் அருகே வண்டி மூச்சு வாங்கி நின்றபோது தோன்றியது.

பாதைக்காக வெட்டிய பாறைச் சுவர்கள் ஜன்னலுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வந்தன. ஈரத்தில் கருநீலமாக, எண்ணெய் தடவியதுபோல. எங்கோ பார்த்த கல்லாக இருக்கிறதே என்று நினைத்தேன். பார்த்த கல்லேதான், எங்கள் ஊர்க் கல். இதற்கு சார்னோகைட் என்று பெயர். ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயரின் கல்லறை கல்கத்தாவில் இருக்கிறது. அந்தக் கல்லறையின் கல் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்திலிருந்து போனது. தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் அதை ஆராய்ந்து 1893-இல் அந்தப் பாறை வகைக்கு சார்னாக்கின் பெயரையே வைத்தார். நீலகிரி மலைத்தொகுதி பெரும்பாலும் இதே பாறைதான். சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை. ஒரே கல், இங்கே தொட்டபெட்டாவாக 2,637 மீட்டர் நிமிர்ந்திருக்கிறது. எங்கள் ஊரில் பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் குன்றுகளாகக் குனிந்திருக்கிறது. அந்தக் குன்றுகளிலும் பாதியை ஜல்லிக்காக உடைத்து எடுத்துவிட்டோம். அப்பா கட்டிய வீடுகளின் அஸ்திவாரத்தில் அந்தக் கல் இருக்கிறது. எங்கள் வீட்டிலும்.

மதியம் குன்னூர். அறையில் பையை வைத்துவிட்டு லேம்ஸ் ராக் போனோம். கீழே கோயம்புத்தூர்ச் சமவெளி விரிந்து கிடந்தது. மூன்று மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. சென்னையில் மதியம் கடல்காற்று உள்ளே வருவதும் இங்கே பள்ளத்தாக்குக் காற்று மேலே ஏறுவதும் வெயில் செய்யும் வேலைதான் என்று மகளுக்குச் சொன்னேன். அவளுக்குக் குளிர்தான் பெரிதாக இருந்தது. வரும் வழியில் வறுக்கி வாங்கிக்கொண்டோம். டீயில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு அவள் தூங்கிவிட்டாள்.

இரண்டாம் நாள் – உதகை

காலை பஸ்ஸில் உதகை. அரசுப் பேருந்தில் போனதால் இ-பாஸ் தேவைப்படவில்லை. சொந்த வண்டியில் வருகிறவர்கள் 2024 மே முதல் அதை எடுத்துத்தான் வர வேண்டும். விடுமுறைக் கூட்டத்தைப் பார்த்தால் அந்த ஏற்பாடு ஏன் வந்தது என்று புரிகிறது.

கேத்திப் பள்ளத்தாக்கில் புல்வெளி வெள்ளையாக இருந்தது. உறைபனி. ஓடையோரத்தில் இயந்திரத்தில் கேரட் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சு மலைபோல் குவியல். அந்தத் தண்ணீரில் கை வைப்பதை நினைத்தாலே எனக்கு விரல் விறைத்தது. இந்தக் கேத்தியும் சுற்று ஊர்களும் 2009 நவம்பர் மழையில் பட்ட பாட்டை மறக்க முடியாது. நீலகிரியில் அந்தச் சில நாட்களின் மண்சரிவில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மா, அந்தச் சரிவுத் தழும்பு ஒன்றைக் கை நீட்டிக் காட்டினார். இப்போது அங்கே செடி முளைத்துப் பச்சையாகிவிட்டது. "மழை பெலமா பேஞ்சா இன்னைக்கும் தூங்க மாட்டோம்" என்றார். எனக்கும் அப்படித்தான் என்றேன். அவர் நம்பாததுபோல் பார்த்தார். சென்னையில் என்ன சரியும்?

சரிவதில்லை, தேங்கும். 2015 டிசம்பர் 1 இரவு தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது மகளுக்கு ஒரு வயது. முதலில் குளியலறைச் சாக்கடைத் துவாரத்திலிருந்துதான் வந்தது, அப்புறம்தான் வாசல் வழியாக. பாலை எங்கே காய்ச்சுவது என்பதுதான் அன்று எனக்கு இருந்த ஒரே கவலை. அப்பா அப்போது உயிரோடு இருந்தார். முழங்கால் தண்ணீரில் வாசலில் நின்று, தெருவில் மிதந்த ஒரு ரப்பர் செருப்பு எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அது கிழக்கே போகவில்லை. நின்ற இடத்திலேயே சுற்றியது.

அதைச் சொன்னதும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். லவ்டேல் வரை விடவில்லை.

உதகை ஏரிக்குத்தான் இன்று பெரும்பொழுது. மகள் படகில் போக ஆசைப்பட்டாள், போனோம். எனக்கு ஏரியைச் சுற்றி நடப்பதில்தான் ஆர்வம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820-களில் ஓடைகளை மறித்து உண்டாக்கிய ஏரி இது. அன்று இருந்த ஏரி இன்று நாம் பார்ப்பதைவிட மிகப் பெரியது. வெளியே வந்து டீ குடிக்கும்போது கடைக்காரரிடம் "பழைய ஏரி எதுவரைக்கும் இருந்துச்சுங்கண்ணே?" என்று கேட்டேன். அவர் பேருந்து நிலையத்தைக் காட்டினார். அப்புறம் குதிரைப் பந்தய மைதானத்தைக் காட்டினார். "இதெல்லாம் ஏரிதான். நாம ஏரிக்குள்ள நின்னுதான் டீ குடிக்கிறோம்" என்றார்.

கிளாஸைக் கீழே வைத்துவிட்டேன். இதே வாக்கியத்தை நான் ஒவ்வொரு வருஷமும் ஒன்பதாம் வகுப்பில் சொல்கிறேன், தியாகராய நகரைப் பற்றி. மயிலாப்பூரின் மேற்கே நீண்டு கிடந்த ஏரியை 1920-களில் தூர்த்துத்தான் தி.நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் ஏரிக்கரைச் சாலை என்ற பெயர் இன்னும் இருக்கிறது, கரை மட்டும் இல்லை. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம். இவற்றைத் தனித்தனி ஏரிகளாக நினைத்தால் அவற்றின் அருமை புரியாது. ஒன்று நிரம்பி வழிந்தால் கலங்கல் வழியே அடுத்ததற்குப் போகும்படி மேற்கிலிருந்து கிழக்காக அடுக்கி வைத்தவை அவை. கண்ணுக்குத் தெரியாத அந்த வாட்டத்தைக் கண்டுபிடித்து, ஒவ்வோர் அடியையும் பயன்படுத்தி, ஒன்றன் கீழ் ஒன்றாகக் கரை போட்டவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. கரைதான் அவர்களுடைய எழுத்து. நாம் அதை அழித்தோம்.

மலையிலுமா இப்படி என்பதுதான் இன்று எனக்கு வந்த அதிர்ச்சி. சமவெளியில் இடமில்லை, மேடு பள்ளம் தெரியவில்லை, அதனால் தவறு நடந்தது என்று ஒரு சமாதானம் வைத்திருந்தேன். இங்கே பள்ளம் குழந்தைக்குக்கூடத் தெரியும். தெரிந்தும் இப்படித்தான் நடந்திருக்கிறது. ஏனென்றால் மலையில் சமதளம் என்பது ஏரிப் படுகை மட்டும்தான். ஊருக்கு நடுவிலிருந்து வரும் கோடப்பமந்துக் கால்வாய் ஏரியில் சேரும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். அந்த வாசனை எனக்குக் கூவம் பாலங்களில் பழக்கமானது. கண் எரிந்தது. மகள் என் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இங்கயுமாம்மா?" என்றாள்.

சென்னை மாகாண அரசாங்கமே கோடையில் இந்த ஊருக்கு இடம் பெயர்ந்த காலம் ஒன்று இருந்தது. 1870-களிலிருந்து கவர்னரும் அதிகாரிகளும் கோப்பு மூட்டைகளும் வருஷா வருஷம் ஏறி வந்தார்கள். கடலோர மணலில் கோட்டை கட்டியவர்களின் ஆட்சிதான் இந்த மலையிலும் பங்களா கட்டியது. இரண்டு ஊரும் ஒரே அலுவலகத்தின் இரண்டு அறைகள்போல் வளர்ந்தன.

தாவரவியல் பூங்காவை வேகமாகச் சுற்றினோம். 1848-இல் தொடங்கியது, அழகானது, கூட்டம் தாங்கவில்லை. பூங்காவுக்கு மேலே தோடர் பழங்குடியினர் குடியிருக்கும் மந்து. வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டோம். ஒருவர் வீட்டு வாசலில் போய் நின்று எட்டிப் பார்க்க மனம் வரவில்லை.

மூன்றாம் நாள் – கோத்தகிரி அருகே ஓர் ஹட்டி

குன்னூரிலிருந்து கோத்தகிரிக்கு பஸ். வழியெல்லாம் தேயிலை. நவம்பர் மழையில் இடிந்த ஓரங்களுக்குச் சில இடங்களில் மணல் மூட்டை அடுக்கியிருந்தார்கள்.

டீச்சரின் தம்பி பஸ் நிலையத்துக்கு ஜீப்போடு வந்திருந்தார். "வாங்கக்கா, பாப்பா குளிருதா?" என்றபடியே மகளிடம் ஒரு கம்பளித் தொப்பியைக் கொடுத்தார். படுகர் ஊரை ஹட்டி என்கிறார்கள். வீடுகள் ஒரே வரிசையாக, தோளோடு தோள் ஒட்டி, சரிவின் முதுகில் நிற்கின்றன. முன்னால் நீண்ட பொது முற்றம். ஊருக்குக் கீழே தேயிலை, அதற்கும் கீழே காய்கறி, அடியில் ஓடை. ஓடையை ஒட்டி யாரும் வீடு கட்டவில்லை. "அங்க ஏன் வீடு இல்ல தம்பி?" என்றேன். அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "அது தண்ணி வர்ற இடமாச்சேக்கா."

வீட்டில் எல்லாரும் ஹெத்தை ஹப்பா வேலையில் இருந்தார்கள். ஹெத்தையம்மன் திருவிழா நெருங்குகிறது. டீச்சரின் அம்மா வெள்ளை முண்டும் தலைக் கட்டும் துவைத்து மடித்துக்கொண்டிருந்தார். எழுபதுக்கு மேல் வயதிருக்கும். படுகு மொழியில் மருமகளிடம் ஏதோ சொன்னார். உடனே ராகிக் களியும் அவரைக் குழம்பும் வந்தன. குழம்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பொடியின் மணம் இன்னும் விரலில் இருக்கிறது. மகள் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடித்து அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது அம்மா கேட்டார்: "டீச்சர், நான் ஒரு தடவ மெரினாவுக்கு வந்திருக்கேன். மக வேலைக்குச் சேர்ந்தப்ப. ரோட்டுல இருந்து தண்ணிக்குப் போறதுக்குள்ள கால் வலிச்சுப் போச்சு. அவ்வளவு மணல் எங்கிருந்து வந்துச்சு?"

இத்தனை வருஷத்தில் எந்த மாணவரும் இந்தக் கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. தரையில் ராகி மாவைத் தூவி விரலால் கோடு போட்டுக் காட்டினேன். எங்கள் கரையோரம் கடல் மணலைச் சும்மா வைத்திருப்பதில்லை. வருஷத்தில் பெரும்பகுதி அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து அடிக்கிறது, மணலை வடக்கே வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. வடகிழக்குப் பருவமழையின்போது கொஞ்சம் திரும்பத் தள்ளும். கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். பழைய மெரினா ஒடுக்கமான கரைதான், அலை சாலைக்குப் பக்கத்திலேயே இருந்தது. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும், மசூலாப் படகில்தான் ஆளும் சரக்கும் கரைக்கு வரும். 1870-களில் கடலுக்குள் கல் சுவர் கட்டத் தொடங்கினார்கள். 1881-இல் ஒரு புயல் அதைச் சிதைத்தது, மறுபடி கட்டினார்கள். சுவர் நின்றதும் வடக்கே போன மணல் அதில் முட்டிக்கொண்டது. தெற்கே மெரினா அகலமானது.

"அப்ப வடக்க இருக்கறவங்களுக்கு?" என்று கேட்டார் அம்மா.

அதுதான். வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைக்கு வர வேண்டிய மணல் வரவில்லை. கடல் அங்கே தெருத் தெருவாகத் தின்றது. இன்று அந்தக் கரை நெடுகக் கருங்கல்லைக் கொட்டித்தான் நிறுத்தி வைத்திருக்கிறோம். மெரினாவில் நாம் சுண்டல் சாப்பிடும் மணல் வடசென்னை மீனவர்களின் கரை.

அம்மா மாவைக் கையால் ஒதுக்கிச் சேர்த்து எடுத்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "மணல் முதல்ல எங்கருந்து வருது?" என்று மகள் கேட்டாள். ஆற்றிலிருந்து என்றேன். ஆற்றுக்கு? மலையிலிருந்து. அவள் எழுந்து போய் ஜன்னல் வழியே வெளியே பார்த்தாள். இருட்டில் ஒன்றும் தெரிந்திருக்காது.

நான்காம் நாள் – லாங்வுட் சோலை, கோடநாடு

இன்று நிறைய எழுத வேண்டும், கை விறைக்கிறது.

காலையில் தம்பி எங்களை லாங்வுட் சோலைக்குக் கூட்டிப் போனார். கோத்தகிரியை ஒட்டியே 116 ஹெக்டேர் காடு. உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. மரங்கள் உயரமில்லை. கிளைகள் முறுக்கிக்கொண்டு, பாசியும் பெரணியும் போர்த்தி, தலைகளை ஒன்றோடொன்று நெருக்கி நிற்கின்றன. காலடியில் மண் மெத்தைபோல் அமுங்கியது. தம்பி குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிழிந்தார். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டியது. மழை நின்று வாரக்கணக்காகிறது.

"கீழ எங்க ஊருக்கெல்லாம் தண்ணி இதுதான்கா. மழை பேஞ்சா சோலை குடிச்சுக்கும். அப்புறம் ஏப்ரல் மே வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா விடும்" என்றார்.

வெளியே வந்ததும் எதிர்ச் சரிவில் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) நின்றன. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று கொண்டுவந்து புல்வெளிகளில் நட்டவை. அந்தச் சரிவின் அடியில் உள்ள ஓடை வறண்டிருந்தது. இரண்டு ஓடைகளுக்கும் நடுவே பத்து நிமிஷ நடைதான். படத்தில் எத்தனை காட்டினாலும் இப்படி விளங்காது.

லாங்வுட் சோலை 2024-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. எங்கள் பள்ளிக்கரணை 2022-இல். ஒன்று 1,800 மீட்டர் உயரத்தில் குளிர்ந்த காடு, இன்னொன்று கடல் மட்டத்தில் நாணலும் உவர்ப்பும் சேர்ந்த சதுப்பு. செய்வது ஒரே வேலை. தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீரெல்லாம் பள்ளிக்கரணையில் வந்து அகலமாகப் படுத்துக்கொள்ளும். அப்புறம் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய், அங்கிருந்து கோவளம் முகத்துவாரம், கடல். படுத்துக்கொள்ள இடமிருந்தவரை வேளச்சேரி மூழ்கவில்லை. இப்போது சதுப்பின் பெரும்பகுதி சாலையும் கட்டடமும் குப்பைமேடுமாகிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்தபோது தண்ணீர் தன் பழைய படுக்கையைத் தேடித்தான் வந்தது. என் வகுப்பில் ஆறு பிள்ளைகளின் புத்தகம் அந்த வாரம் நனைந்தது. அவர்கள் வீட்டு முகவரிகளைப் பழைய வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். ஆறும் நீல நிறத்துக்குள் விழுந்தன.

சென்னையை மூன்று ஆறு, ஒரு கால்வாய் என்று பிள்ளைகளுக்கு எளிதாகச் சொல்லிக் கொடுக்கிறோம். வடக்கே கொசஸ்தலையாறு, நடுவே கூவம், தெற்கே அடையாறு. மூன்றும் மேற்கிலிருந்து கிழக்கே. குறுக்கே பக்கிங்காம் கால்வாய். ஆற்று வாய்களை அதே மணல் மூடும், வெள்ளம் வரும்போதுதான் உடைத்துக்கொண்டு திறக்கும். இடையில் பழைய மணல்மேடுகள். மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் நின்ற இடம் அது, கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறிய இடம். இதைத்தான் ஊர் என்று நம் முன்னோர் தேர்ந்தெடுத்தார்கள். மேட்டில் வீடு, பள்ளத்தில் ஏரி. ஹட்டியில் இருப்பதும் அதே கணக்கு. இங்கே அது கண்ணுக்குத் தெரிகிறது.

மதியம் கோடநாடு காட்சிமுனை. மலை அங்கே சட்டென்று முடிந்துவிடுகிறது. கீழே மாயாறு வெள்ளி நூலாக வளைந்து போகிறது. காட்டுக்கு நடுவே தெங்குமரஹடா, எதிரே ரங்கசாமி மலை, தூரத்தில் தகடுபோல் பவானிசாகர் நீர்த்தேக்கம். நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாடத்தில் வரைபடமாக நடத்தியது அப்படியே கீழே உயிரோடு கிடந்தது.

மகளுக்கு விரலால் காட்டினேன். இந்த மாயாறு அதோ அந்த அணையில் பவானியோடு சேருகிறது. பவானி மேல்பவானிப் பக்கம் பிறந்து, கேரளத்துக்குள் ஒரு சுற்றுப் போய்த் திரும்பி, நாம் ரயிலில் கடந்த மேட்டுப்பாளையம் வழியாக வருகிறது. அணைக்குக் கீழே ஓடிப் பவானிக் கூடுதுறையில் காவிரியில் கலக்கிறது. காவிரி முக்கொம்பில் பிரிந்து ஒரு கை கொள்ளிடமாகிறது. கீழணையில் அதிலிருந்து வடவாறு பிரிந்து வீராணம் ஏரிக்குப் போகிறது. சோழர்கள் வெட்டிய ஏரி. வீராணத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய் பதித்து 2004 முதல் சென்னைக்குத் தண்ணீர் வருகிறது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் அது.

"அப்ப இந்தத் தண்ணி நம்ம ஊருக்கு வருதா?"

"வருது. காவிரில கலந்து, சுத்தி வருது."

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. சிக்கராயபுரத்தில் நம் கல்லை வெட்டிய குழிகளில் தேங்கிய தண்ணீரைக்கூட எடுத்துச் சுத்தம் செய்து குடித்தோம். அந்த வருஷமே ஆகஸ்டில் இங்கே அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. இரண்டும் ஒரே வருஷம், ஒரே மாநிலம். மலை குடித்து நிதானமாகக் கொடுத்தால்தான் கீழே உள்ளவர்களுக்கு அது தண்ணீர். இல்லையென்றால் ஒரு நாள் வெள்ளம், அப்புறம் வெறும் கல். சோலையைக் காப்பாற்றுவது நீலகிரிக்காரர்களின் வேலை என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது என் வேலையும்தான். பள்ளிக்கரணையைக் காப்பாற்றுகிற அளவுக்கு என் வேலை.

மகள் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பாறையில் கொஞ்சம் ஊற்றினாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. தாத்தா செய்வதை மூன்று வயதில் பார்த்திருப்பாளோ என்னவோ. தண்ணீர் ஒரு நொடி நின்று யோசித்து, ஒரு கீற்றில் நுழைந்து, விளிம்பைத் தாண்டி மாயாற்றுப் பக்கம் போனது. அது மறையும்வரை உட்கார்ந்து பார்த்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஐந்தாம் நாள் – இறக்கம்

அம்மா ஒரு பை நிறைய அவரையும் உருளைக்கிழங்கும் பொடியும் கட்டிக் கொடுத்தார். "அடுத்த தடவ சார் கூட வாங்க" என்றார். மகளின் தலையில் கை வைத்து ஏதோ சொன்னார். படுகு. எனக்குப் புரியவில்லை, மகள் புரிந்ததுபோல் தலையாட்டினாள்.

தம்பிக்கு இன்று மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் லோடு. லாரி முன்னால் போக நாங்கள் பஸ்ஸில் பின்னால் இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் காது அடைத்து அடைத்துத் திறந்தது. பாதி வழியில் ஸ்வெட்டர் கழன்றது, மேட்டுப்பாளையத்தில் தொப்பியும். மண்டியில் மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். "இது எங்க போகுது தம்பி?" என்றேன்.

"கோயம்பேடுக்கா. ராத்திரி வண்டி ஏறும். உங்க ரயிலும் அதுவும் ஒண்ணாத்தான் போகும்."

பவானிப் பாலத்துக்கு நடந்து போய் ஒரு பத்து நிமிஷம் நின்றோம். தண்ணீர் குறைவுதான், ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. நடு ஆற்றில் கருநீலப் பாறைகள் முதுகு காட்டிக் கிடந்தன. மகள் கீழே இறங்கி ஒரு கூழாங்கல் எடுத்து வந்தாள். ஈரம் காயும்வரை எண்ணெய் தடவியதுபோல் இருந்தது. பரங்கிமலைக் கல் ஒன்று வீட்டில் வைத்திருக்கிறாள், அதன் பக்கத்தில் வைக்கப் போகிறாளாம்.

வண்டிக்கு நேரமாகிறது. பெட்டி எண் பார்க்க வேண்டும்.